அறுபத்திரண்டு வயசுல பனிச்சறுக்கு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடந்துச்சு. கனடாவுல மகன் வீட்டுக்குப் போயிட்டு வந்ததைப் பத்தி எழுதுங்கன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நயாகராவைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, ஃபோட்டோ போட அதைவிட அதிகம் பேர் இருக்காங்க. அதனால நான் எழுதப்போறது வேற விஷயம். வயசான காலத்துல பனியில சறுக்குறதைப் பத்தி. "சறுக்கி விழுறதைப் பத்தி"ன்னு வாசிச்சாலும் தப்பில்லை :-)

முதல்ல நம்ம ஊரு குளிர்காலத்தைச் சொல்லிடுறேன். அருப்புக்கோட்டையை ஒட்டின பாளையம்பட்டி. கரிசல் மண்ணு, வெயிலு, சீமைக்கருவேலம். எங்களுக்குக் குளிர்காலம்னா மார்கழி மாசம் விடிகாலை ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். இருபது டிகிரிக்கே மங்கி குல்லா, மப்ளர், காதுல பஞ்சு எல்லாம் வந்துடும். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து "இந்த வருஷம் பனி ஓவர்ப்பா"ன்னு சொல்றது ஒரு சடங்கு. ஐஸுன்னா சேமியா ஐஸ், பால் ஐஸ், அப்புறம் மேலதிகாரிக்கு வைக்கிற ஐஸ். நாலாவது ஐஸ் ஒண்ணு தரையில கிடக்கும்னு எனக்குத் தெரிய வந்ததே 62 வயசுல தான்.

எங்க பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. பேரன் பேத்தி பிறந்தா மனுசன் உட்கார்ந்துடணும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, சைக்கிள்ல டபுள்ஸ் போகக்கூடாது. "வயசுக்கேத்த மாதிரி இருங்க"ங்கிற வாக்கியத்துக்கு அர்த்தமே "உட்காருங்க"ன்னு தான்.

இதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தியாகணும். எங்க அப்பா நல்ல நீச்சல்காரர். ஐப்பசி கார்த்திகைல மழை விழுந்து தோட்டத்துக் கிணறு நிரம்பிட்டா அவரை வீட்டுல பார்க்க முடியாது. மோட்டார் ரூம் மேல ஏறி அங்கேர்ந்து பல்டி. முங்கினா கரையில நிக்கிற பயலுக எல்லாம் எண்ண ஆரம்பிப்பாங்க. எண்பது, தொண்ணூறுன்னு போய் எங்களுக்கு வயித்தைக் கலக்கும்போது எதிர்ப்பக்கத்துல தலை தூக்குவார். எனக்கு இடுப்புல சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணியில தள்ளி விட்டவரும் அவர்தான்.

1986ல அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சு. அந்த வருஷம் மழைக்குக் கிணறு ரொம்பிக் கிடக்கு, 51 வயசு அப்பா கோவணத்தோட மோட்டார் ரூம் மேல நிக்கிறார். ரோட்டுல போன பஸ்ஸுல சம்பந்தி வீட்டு ஆளுங்க. பார்த்துட்டாங்க. அவங்க ஒண்ணும் தப்பாப் பேசலை, சிரிச்சுக்கிட்டே தான் விசாரிச்சாங்க. "சம்பந்தி நல்லா டைவ் அடிக்கிறாராமே?" அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதும். "மக வாழப்போன இடத்துல மானம் போகுது, இன்னும் என்ன சின்னப்புள்ள மாதிரி?" அப்பா பதிலே பேசலை. அதோட கிணத்துப் பக்கம் குளிக்கப் போறதை விட்டுட்டார்.

1993ல ரிட்டயர் ஆனார். மறுநாள் திண்ணையில பேப்பரோட உட்கார்ந்தார். 65 வயசுல தரையில சம்மணம் போட முடியலை. 70ல கம்பு. 2011ல போய்ச் சேர்ந்தார். கடைசி நாலஞ்சு வருஷம், ராத்திரி மழை பேஞ்சா காலைல முதல் வேலையா எங்கிட்ட ஒரு கேள்வி கேட்பார்: "கிணத்துல எத்தனை படிக்குத் தண்ணி வந்திருக்கு?" நானும் போய் எண்ணிட்டு வந்து சொல்வேன். கேட்டுட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுக்குவார்.

நான் 2023ல 60 முடிச்சு ரிட்டயர் ஆனப்போ எனக்கு முன்னாடி அந்தத் திண்ணை தான் தெரிஞ்சுது. சொல்ல வந்ததுக்கு இது தான் அஸ்திவாரம். இனி பனிக்குப் போவோம்.

2025 ஜனவரி கடைசில டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கம்ல போய் இறங்கினோம். முதல் ரெண்டு வாரம் நானும் தங்கமணியும் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ள கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வெளிய வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தோம். பிப்ரவரி நடுவுல டொராண்டோ பக்கம் ஒரே வாரத்துல கொட்டின பனி இருக்கே, வாசல்ல நிறுத்தின காரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். ஊரே அடங்கிடும்னு நினைச்சா, எதிர்வீட்டுப் பெரியவர் காரோட கூரை மேல ரெண்டு நீளப் பலகையைக் கட்டிக்கிட்டுக் கிளம்புறார். வயசு 74ன்னு மகன் சொன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்னைவிட 12 வயசு மூத்த மனுசன் விளையாடப் போறார், நான் ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டு ஜன்னல் வழியா அதைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

"அப்பா, அவங்க எல்லாம் சின்ன வயசுலேர்ந்து பழகினவங்க. நமக்கு எதுக்கு? எலும்பு கிலும்பு முறிஞ்சா இன்சூரன்ஸ் வேற..." இது மகன். "ஏங்க, பேரன் முன்னாடி மானத்தை வாங்காதீங்க." இது தங்கமணி. வசனம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? மருமக தான் காப்பாத்துச்சு. "மாமா, ஒரே ஒரு கிளாஸ் போய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடலாம்." ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முன்னாடியே மதுரையில டாக்டர்கிட்ட இருதயம், பிரஷர் எல்லாம் காட்டிட்டுத் தான் போயிருந்தேன். அதனால தைரியம்.

இங்க ஒரு விளக்கம். பனிச்சறுக்குன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சினிமாவுல ஹீரோ மலை உச்சியிலேர்ந்து வில்லனோட பறந்து வர்ற காட்சி. அது ஒரு வகை. கனமான பூட்ஸு, முன்பாதம் குதிகால் ரெண்டும் பலகையோட இறுகப் பூட்டியிருக்கும். ரோப்வேல மேல ஏத்தி விடுவாங்க, சறுக்கிக் கீழ வரணும். இன்னொண்ணு, நான் கத்துக்கிட்டது, 'கிராஸ் கன்ட்ரி'. பலகை ஒல்லி, எடை கம்மி. கால் விரல் பக்கம் மட்டும் தான் மாட்டியிருக்கும், குதிகால் நடக்கிற மாதிரி தூக்கித் தூக்கி வரும். மட்டத் தரை, சின்ன மேடு பள்ளம், காட்டுப் பாதைன்னு நாமளே தள்ளிக்கிட்டுப் போகணும். வேகம் கம்மி, அதனால விழுந்தாலும் சேதாரம் கம்மி. அறுபதுக்கு மேல புதுசா தொடங்குறவங்களுக்குப் பலரும் இதைத்தான் சொல்றாங்க. கைல ரெண்டு கம்பு இருக்கறதால கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாத்துக்கும் வேலை. ஓடுறப்போ மூட்டுல விழுற அடி இதுல இல்லை, ஏன்னா கால் தரையில மோதுறதில்லை, வழுக்குது.

பேரீங்கிற ஊருக்குப் பக்கத்துல ஒரு இடம். மார்க்கம்லேர்ந்து காருல ஒரு மணி நேரம். பலகை, பூட்ஸு, கம்பு எல்லாம் வாடகைக்கு. சொல்லிக்கொடுக்க வந்தது இருபது வயசுப் பொண்ணு. என்னை மேலும் கீழும் பார்த்துட்டு முதல் கேள்வி: "உள்ள என்ன போட்டிருக்கீங்க?" பனியன்னேன். "பருத்தியா?" ஆமான்னேன். "பருத்தி கூடவே கூடாது"ன்னுச்சு பாருங்க. அவ்வ்வ்வ்! கரிசல்ல பருத்தி விளையற ஊரு, தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன், என்கிட்டயே! ஆனா காரணத்தைச் சொன்னப்போ ஒத்துக்க வேண்டியதாப் போச்சு. பருத்தி வேர்வையை உறிஞ்சி வச்சுக்கும், லேசுல காயாது. நம்ம வெயிலுக்கு அது தான் வரம், ஈரம் இருந்தா காத்து பட்டு ஜிலுஜிலுன்னு இருக்கும். அதே குணம் மைனஸ் பத்துல ஆளைக் கவிழ்த்துடும். உடம்போட ஒட்டி கம்பளி இல்லைன்னா பாலியெஸ்டர், அதுக்கு மேல சூட்டுக்கு ஒண்ணு, வெளிய காத்தைத் தடுக்க ஒண்ணு. மூணு அடுக்கு. கிளம்பும்போது லேசா குளிரணும், அப்பத்தான் பத்து நிமிஷத்துல சரியா இருக்கும். கிளம்பும்போதே கதகதன்னு இருந்தா வேர்த்து நனைஞ்சுடுவோம்.

ரெண்டாவது பாடம், விழுறது. நடக்கச் சொல்லித்தர்றதுக்கு முன்னாடி விழச் சொல்லித்தர்றாங்க. முன்னாடியும் விழாம பின்னாடியும் விழாம, பக்கவாட்டுல, பிட்டத்துல விழணும். கையை ஊனக்கூடாது, மணிக்கட்டு போயிடும். எழுந்திரிக்கிறதுக்கு ரெண்டு பலகையையும் ஒரே பக்கமா இணையா வச்சு, மண்டி போட்டு, ஒரு கால் ஒரு காலா. முதல் தடவை எழுந்திரிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. பக்கத்துல ஒரு மூணு வயசு வாண்டு அஞ்சு செகண்டுல எழுந்து போகுது. ஙே!

பாதையில மிஷினை வச்சு ரெண்டு இணைக் கோடு போட்டு வச்சிருக்காங்க. மழைக்குப் பின்னாடி கரிசல்ல மாட்டு வண்டி போன தடம் இருக்குமே, அச்சு அசல் அதே தான். கால் அதுக்குள்ள உட்கார்ந்துட்டா வண்டி திரும்பாது. இறக்கத்துல பிரேக் பிடிக்கணும்னா தடத்தை விட்டு வெளிய வந்து, பலகையோட முனை ரெண்டையும் ஒட்ட வச்சு வால் பக்கத்தை அகட்டி ஒரு ஆப்பு மாதிரி பண்ணணும்.

முதல் நாள் ஒரு மணி நேரத்துல 200 மீட்டர் போயிருந்தா அதிகம். நாலாவது தடவை போனப்போ தான் அது நடந்துச்சு. ஒரு காலை உதைச்சேன், இன்னொரு கால் மேல மொத்த எடையும் போச்சு, பலகை தானா வழுக்கிக்கிட்டு முன்னால போகுது. சத்தமே இல்லை, பனி லேசா கிசுகிசுக்குது. ரெண்டு பக்கமும் பைன் மரம். உடம்புக்கு இது புதுசு இல்லையேன்னு தோணுச்சு. கிணத்துல சுவரை உதைச்சு ஒரு தள்ளு தள்ளினா, கை கால் அசைக்காமலே உடம்பு நீளமா வழுக்கிப் போகும் பாருங்க, அதே தான். தண்ணி கட்டியாப் போயிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அன்னைக்கு நாலு கிலோமீட்டர் போனேன். தனியாப் போனதால கண்ணுல தண்ணி வந்ததை யாரும் பார்க்கலை. பார்த்திருந்தாலும் குளிர் காத்துன்னு சொல்லியிருப்பேன்.

தங்கமணி கதையையும் சொல்லணும், இல்லைன்னா சோறு கிடைக்காது. மூட்டு வலிக்காரங்க, சறுக்குறதுக்கு ஒத்துக்கவே இல்லை. ஸ்னோ ஷூன்னு ஒண்ணு இருக்கு. காலுக்கு அடியில பெரிய பனை விசிறியைக் கட்டிக்கிட்ட மாதிரி. எடை பரவி விழறதால பனியில கால் புதையாது. சுடிதாருக்கு மேல பனிக்கால்சட்டை மாட்டி, ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுல ரெண்டு கையிலயும் கம்போட அம்மணி நடந்தாங்க பாருங்க! முதல் நாள் பத்து நிமிஷம், கடைசில முக்கால் மணி நேரம். "மானத்தை வாங்காதீங்க"ன்னு சொன்னவங்க தான் "ஏங்க, நாளைக்கும் போலாமா?"ன்னு கேட்டாங்க.

வீட்டுக்கு வந்து இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். கனடாக்காரங்க ஒருத்தரைக் கொண்டாடுறாங்க. ஹெர்மன் ஸ்மித்-ஜோஹான்சன், செல்லப்பேர் 'ஜாக்ரேபிட்'. 1875ல நார்வேயில பிறந்த இன்ஜினியர். பொருளாதார வீழ்ச்சியில தொழில் போச்சு. 50 வயசு தாண்டின மனுசன், கியூபெக் மலைக்காடுகள்ல மரம் வெட்டிப் பனிச்சறுக்குப் பாதை போட ஆரம்பிச்சார். அப்படி 1930கள்ல உருவான 'மேப்பிள் லீஃப்' பாதை மட்டும் சுமார் 128 கிலோமீட்டர். 97 வயசுல, 1972ல, 'ஆர்டர் ஆஃப் கனடா' கொடுத்தாங்க. நூறு தாண்டியும் சறுக்கினார். 1987 ஜனவரில இறந்தப்போ வயசு 111. இன்னைக்கும் அங்க குழந்தைகளுக்கான சறுக்குப் பயிற்சிக்கு அவர் பேரு தான்.

'அவர் ஒரு அதிசயப்பிறவி'ன்னு நீங்க சொல்லலாம். சரி, 2013ல வந்த ஒரு ஆய்வு. ஆயுசு முழுக்கப் பனிச்சறுக்கு பண்ணின, 80 தாண்டின ஸ்வீடன்காரங்க 9 பேரைச் சோதிச்சிருக்காங்க. உடம்பு ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துதுன்னு ஒரு கணக்கு. அவங்களுக்குச் சராசரி 38 மில்லி. அதே வயசுல பயிற்சி இல்லாதவங்களுக்கு 21. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா அவங்க ஆயுசு முழுக்கப் பண்ணினவங்க, நாம இப்பத்தான் தொடங்குறோமே? அதுக்கும் பதில் இருக்கு. 1990ல பாஸ்டன்ல முதியோர் பராமரிப்பு இல்லத்துல இருந்த 90 வயசுக்காரங்க சிலருக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க. கால் தசையோட பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருக்கு. தொண்ணூறுல, அதுவும் எட்டே வாரத்துல! ரெண்டுமே சின்ன எண்ணிக்கை ஆய்வு தான். ஆனா எனக்கு அந்த ரெண்டாவது ஆய்வைப் படிச்சப்போ அப்பா முழங்கால் தான் ஞாபகம் வந்துச்சு. கம்பைக் கொடுத்த நேரத்துல பயிற்சியைக் கொடுத்திருக்கலாமோ என்னமோ. அப்போ எங்க ஊர்ல யாருக்கு இது தெரியும்?

ஒரே பக்கமா எழுதக்கூடாது. குளிர் வயசானவங்களுக்கு விளையாட்டும் இல்லை. குளிர்ல தோல் பக்கத்து ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், இருதயத்துக்கு வேலை கூடும். வயசானா தாகம் தெரியாது, விரல் மரத்துப்போறதும் லேட்டாத்தான் தெரியும். வாசல் பனியை மண்வெட்டியால வாரிப் போடுறது தான் பெரிய ஆபத்து. கியூபெக்ல 1981 முதல் 2014 வரைக்குமான பதிவுகளைப் பார்த்து, கனத்த பனி விழுந்த மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுதுன்னு 2017ல எழுதியிருக்காங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, உடம்பு சூடேறாம, கையால மட்டும் திடீர்னு கன வேலை. மாப்பிள்ளை வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ பனிக்காலத்துல போற பெருசுங்க, 'சும்மா தானே இருக்கோம், ஒத்தாசையா இருக்கட்டும்'னு மண்வெட்டியைத் தூக்கிடாதீங்க. சறுக்கப் போங்க, அது மேல் :-)

இன்னொண்ணும் மனசுல பட்டுச்சு. இந்தப் பனியே நிலையில்லாமப் போகுது. ஒட்டாவா நகரத்துல ரிடோ கால்வாய் உறைஞ்சா 7.8 கிலோமீட்டருக்கு ஸ்கேட்டிங் பாதை ஆகிடும். 1970-71லேர்ந்து வருஷா வருஷம் திறந்தது, 2022-23 குளிர்காலத்துல ஐஸ் கெட்டியாகாததால முதல் தடவையா ஒரு நாள்கூடத் திறக்கலை. அவங்களுக்கு ஐஸ், நமக்குக் கண்மாய். காத்துக் கிடக்கிற முகம் ரெண்டு ஊர்லயும் ஒண்ணு தான்.

'கனடா போனாத்தானா?'ன்னு கேட்பீங்க. காஷ்மீர்ல குல்மார்க் இருக்கு, உத்தரகண்ட்ல ஔலி இருக்கு. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் பனி. ஆனா குல்மார்க்கே 2,600 மீட்டருக்கு மேல, அங்கேர்ந்து ரோப்கார் கிட்டத்தட்ட 3,950 மீட்டருக்குத் தூக்கிட்டுப் போகும். நம்ம சமவெளி நுரையீரலுக்கு அது அதிகம். பிரஷர், இருதயப் பிரச்னை உள்ளவங்க டாக்டரைக் கேட்காமப் போகாதீங்க. போனாலும் முதல் ரெண்டு நாள் சும்மா நடந்து பழகுங்க.

அது எதுவும் முடியாதவங்களுக்கு, பாளையம்பட்டி இருக்கு. ஊர் திரும்பினதும் நான் பண்ணின முதல் காரியம், தோட்டத்துக் கிணத்தைத் தூர் வாரினது. போர்வெல் வந்தப்புறம் குப்பைக் குழியாக் கிடந்துச்சு. அப்புறம் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருந்தேன். மழை வந்து, கிணத்துல பதினோரு படி வெளிய தெரியற அளவுக்குத் தண்ணி ஏறுச்சு. மார்கழில விடிஞ்சதும் போறேன். மேல காத்து ஜில்லுன்னு இருக்கும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். நிலத்தடி நீரோட சூடு வருஷம் பூரா பெருசா மாறாது, காத்து குளிர்ந்துட்டதால நமக்கு அப்படித் தெரியுது. படி வழியாத்தான் இறங்குறேன், குதிக்கிறதில்லை. பாசி பிடிச்ச படிக்கு ஒரு கயிறு கட்டியிருக்கேன். தனியா இறங்குறதில்லை, கூட ரெண்டு பசங்க.

பசங்கன்னா 58ம் 64ம். டீக்கடை பெஞ்சுலேர்ந்து கிளப்பிக் கூட்டிட்டு வந்த ஆளுங்க. முதல் வாரம் ரோட்டுல போனவங்க நின்னு சிரிச்சாங்க. மூணாவது வாரம் ஒரு 70 வயசு மாமா வந்து, "ஏப்பா, கால் மட்டும் நனைச்சுக்கவா?"ன்னு படியில உட்கார்ந்தார். இப்ப இடுப்பளவுக்கு இறங்கிட்டார்.

இந்தத் தை மாசம் என் சம்பந்தி வந்திருந்தார். கிணத்தடிக்கே கூட்டிட்டுப் போயிட்டேன். மறைச்சு என்ன ஆகப்போகுது? மனுசன் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் மெதுவா, "துண்டு ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கா சம்பந்தி?"ன்னார்.

உங்க ஊர்ல அறுபது தாண்டினவங்க குளிர்காலத்துல வெளிய என்ன பண்றாங்க? ஊட்டி கொடைக்கானல் பக்கத்து மக்களும், பனி நாடுகள்ல இருக்கிற நண்பர்களும் பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கும் ஒத்துக்கும்னு அர்த்தம் இல்லை.

டிஸ்கி 2: நான் விழுந்த வீடியோ பேரன்கிட்ட இருக்கு. யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாதுன்னு சாக்லேட் வாங்கிக் கொடுத்து வச்சிருக்கேன்.